என் கை அளவுக்கு ஒரு பிஸ்டல்

எனக்கு 46 வயது. டெக்சாஸ் மாநிலத்தில், டாலஸ் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன். மூன்று வருடமாகச் சனிக்கிழமை காலைகளில் துப்பாக்கி சுடும் மைதானத்துக்குப் போகிறேன். முதலில் காகிதத்தில் அச்சடித்த வட்டங்களைச் சுடுவேன். அது முடிந்ததும் தொங்கும் இரும்புத் தட்டுகளையும் காலி சோடா டின்களையும் சுடுவேன். இதைச் சொன்னால் ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கள் சிரித்துவிட்டு, "எதுக்கு?" என்பார்கள். அமெரிக்காவில் இருப்பவர்கள் சிரிப்பதில்லை. "பாதுகாப்புக்கா?" என்று கேள்வியோடு பதிலையும் சேர்த்தே தந்துவிடுவார்கள்.

பிடித்திருக்கிறது, அதனால் செய்கிறேன். இவ்வளவுதான் என் பதில். இதை ஒரு பெண் சொன்னால் நம்ப வைப்பது எவ்வளவு கடினம் என்பது எனக்கு இந்த மூன்று வருடத்தில்தான் புரிந்தது. நாம் நடந்தால் அது எடை குறைக்க. நீந்தினால் முட்டிவலிக்கு. யோகா செய்தால் கோபம் தணிய, அதாவது வீட்டில் இருப்பவர்கள் நிம்மதியாக இருக்க. ஒரு பெண் கையில் துப்பாக்கி இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு பயம் இருந்தே ஆகவேண்டும். வெறும் விளையாட்டு என்றால் யாருக்கும் ஒப்பவில்லை.

விளையாட்டு என்பதற்கு இங்கே ஓர் அழகான சொல் இருக்கிறது. பிளிங்கிங். தகர டப்பாவில் குண்டு படும்போது எழும் சத்தமே அந்தச் சொல்லாகிவிட்டது. மதிப்பெண் கிடையாது, நடுவர் கிடையாது, போட்டி கிடையாது. டப்பா விழுந்தால் சந்தோஷம். மதுரை தமுக்கம் மைதானத்துச் சித்திரைப் பொருட்காட்சியில் பலூன் சுடும் கடை இருக்குமே, அந்தச் சந்தோஷம். அந்தக் கடையில் என் தம்பி சுடுவான். நான் அவனுடைய பஞ்சுமிட்டாயைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். தீபாவளிக்கு அவனுக்கு ரோல் கேப் துப்பாக்கி, எனக்குக் கம்பி மத்தாப்பு. யாரும் என்னைத் தடுத்ததாக நினைவில்லை. கேட்கலாம் என்றே எனக்குத் தோன்றாத மாதிரி வளர்த்திருந்தார்கள், அவ்வளவுதான்.

இந்த நாட்டுக்கு நான் வந்தது எச்-4 விசாவில். வேலைக்கு வந்தவரின் மனைவி, சட்டத்தின் மொழியில் 'சார்ந்திருப்பவர்'. 2015இல்தான் எங்களில் ஒரு பிரிவினருக்கு வேலை செய்யும் அனுமதி கிடைத்தது. அதுவரை எத்தனையோ பொறியாளர்களும் ஆசிரியர்களும் சமையலறையில் காத்திருந்தார்கள். தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது இங்கே மத்தியச் சட்டப்படி குற்றம். நிரந்தரக் குடியுரிமை அட்டை வந்த பிறகே அந்தக் கதவு திறந்தது. உடனே ஓடிப்போய் நுழைந்துவிடவில்லை. அலுவலகத் தோழி ஒருத்தி பெண்களுக்கான மாலை வகுப்புக்குக் கூப்பிட்டாள். "ஒரு நாள் வா, பிடிக்காவிட்டால் பீட்சா சாப்பிட்டுவிட்டுப் போய்விடலாம்" என்றாள். அன்றைக்கு என் கையில் கொடுத்தது .22 பிஸ்டல்.

.22 என்பது தோட்டாவின் குறுக்களவு, அங்குலத்தில். நம் கணக்கில் 5.6 மில்லிமீட்டர். இன்று உலகம் முழுக்கப் பயன்படும் '.22 லாங் ரைபிள்' தோட்டா 1887இல் வந்தது. பித்தளைக் கூட்டின் அடிவிளிம்புக்குள் தீப்பற்றும் ரசாயனம் தடவியிருக்கும். சுத்தியல் அந்த விளிம்பைத் தட்டினால் பற்றிக்கொள்ளும். அதனால் இந்த வகைக்கு ரிம்ஃபயர் என்று பெயர். குண்டு சுமார் 2.6 கிராம். போலீஸ்காரர்கள் வைத்திருக்கும் 9 மி.மீ. பிஸ்டலின் குண்டு இதைப்போல மூன்று மடங்கு எடை. அதனால் .22 பிஸ்டல் சுடும்போது கையை உதறித் தள்ளாது. தோட்டாவும் மலிவு, ஒன்று ஏறக்குறைய 6 முதல் 10 சென்ட்டுக்குக் கிடைக்கும். ஒரு காலையில் 150 தோட்டா சுட்டாலும் வெளியே சாப்பிடும் செலவுதான்.

சின்னத் தோட்டா என்பதால் பொம்மை இல்லை. ஒரு மைலுக்கு மேல் பறக்கும், கொல்லும். காதுக் கவசம் இல்லாமல் சுட்டால் கேட்கும் திறனைக் கெடுக்கும். விளிம்பில் ரசாயனம் சீராகப் படியாத தோட்டா சிலசமயம் 'டிக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடும். அப்போது குழலை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு அரை நிமிடம் காத்திருக்க வேண்டும், தாமதமாக வெடிக்கலாம். வகுப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்த அம்மா எழுபதை நெருங்கியவர். இந்த விதிகளையெல்லாம் அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லும் குரலில், பதறாமல், ஒன்று விடாமல் சொன்னார். யாரும் என்னைப் பயமுறுத்தாமல் ஆபத்தைப் பற்றிப் பேசியது எனக்கு அதுவே முதல் தடவை.

ஆறு மாதம் வாடகைப் பிஸ்டலில் சுட்ட பிறகு சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று கடைக்குப் போனேன். கணவரும் உடன் வந்தார். நான் கேட்டேன், கடைக்காரர் அவரைப் பார்த்துப் பதில் சொன்னார். "இலக்குச் சுடுவதற்கு ஒரு ரிம்ஃபயர் பிஸ்டல்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள், உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னதொன்றை எடுத்து வைத்தார். கைப்பிடி ஊதா நிறம். "மேடத்துக்கு இது சரியாக இருக்கும். கனமில்லை, கைப்பையில் போகும். இரவில் பார்க்கிங்கில் தனியாக நடக்கும்போது..." என்று என் சார்பில் ஒரு திருடனையும் கற்பனை செய்துகொண்டு போனார். கணவர் தர்மசங்கடத்தோடு, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, சுடுறது இவங்கதான்" என்றார். கடைக்காரர் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டார்.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நூறு வருடத்துக்கு மேலாக ஒரு தொழில் பெண்களிடம் பேசும் பாஷையைத்தான் அவர் பேசினார். 1902இலேயே ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனம் 'லேடிஸ்மித்' என்று ஒரு குட்டி .22 ரிவால்வர் கொண்டுவந்தது. 1989இல் அதே பெயரை வேறு துப்பாக்கிகளுக்குத் திரும்பவும் சூட்டியது. பெண் என்றால் சிறியது, லேசானது, அழகானது.

பெண்ணின் கை சிறியது என்பது பெரும்பாலும் உண்மைதான். அதிலிருந்து சின்னத் துப்பாக்கிதான் அவளுக்குப் பொருத்தம் என்று தாவுவதில்தான் கோளாறு. கைப்பிடி எவ்வளவு பருமன் என்பது ஒரு கேள்வி, துப்பாக்கி எவ்வளவு நீளம், எவ்வளவு கனம் என்பது வேறொரு கேள்வி. இலக்குச் சுடுவதற்குக் கனமும் நீளமும் நல்லது. கனமான பிஸ்டலின் முனை எளிதில் ஆடாது. குழல் நீண்டிருந்தால் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடைவெளி கூடும், பார்வையில் வரும் சிறு பிழை இலக்கில் பெரிதாகாது. அந்த ஊதாப் பிஸ்டல் அரைக் கிலோகூட இருக்காது. அதை வைத்து நான் சுட்டிருந்தால் டப்பா விழுந்திருக்காது. எனக்கு இது வராது என்று நினைத்து வீட்டுக்குப் போயிருப்பேன். இப்படித் தவறான கருவியைக் கையில் கொடுத்து, பிறகு கையைக் குறை சொல்வது துப்பாக்கிக் கடையில் மட்டும் நடக்கிற விஷயமில்லை என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கனமானதைத் தூக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு: நல்ல இலக்குப் பிஸ்டல் ஒரு கிலோ இருக்கும். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து மாடி ஏறிய வம்சம் நாம்.

பிறகு வாடகைக்குக் கிடைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சுட்டுப் பார்த்தேன். நான் பார்த்த விதத்தைச் சொல்கிறேன். எந்தக் கருவி வாங்கவும் இது உதவும்.

முதலில் கை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் பிஸ்டலின் பின்புறம் உட்கார வேண்டும். குழலும் முன்கையும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அந்த நிலையில் ஆள்காட்டி விரலின் நுனிச்சதை விசைமேல் பட வேண்டும். எட்டிப் பிடிக்க மணிக்கட்டைத் திருப்ப வேண்டியிருந்தால் அந்தப் பிஸ்டல் எனக்கானதில்லை. எத்தனை நட்சத்திரம் வாங்கியிருந்தாலும் சரி.

அடுத்து சாய்வு. கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டலை இலக்கை நோக்கி நீட்டி, பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். முன் குறி தானாகவே பின் குறியின் பள்ளத்துக்குள் நின்றால் கைப்பிடியின் சாய்வு நம் மணிக்கட்டுக்குப் பொருந்துகிறது. ரூகர் நிறுவனம் 1949இல் தன் முதல் .22 பிஸ்டலை நன்றாகச் சாய்ந்த கைப்பிடியோடு செய்தது, அந்தக் குடும்பம் இன்றும் தொடர்கிறது. எனக்கு அது முனையை மேலே தூக்கியது. அதே குடும்பத்தின் 22/45 வகையில் கைப்பிடி பழைய ராணுவ .45 பிஸ்டல்போல நிமிர்ந்து, மெல்லியதாக இருக்கும். அது என் கையில் சரியாக நின்றது. பிரவுனிங் பக் மார்க்கின் விசை மிக மிருதுவாக இருந்தது. என்னைவிட நீண்ட விரல்கள் உள்ள தோழி அதைத்தான் வாங்கினாள். டாரஸ் டிஎக்ஸ்22 விலை குறைவு, மேகசினில் 16 தோட்டா பிடிக்கும். டப்பா சுடுவதற்கு மட்டும் என்றால் அது போதும். எனக்குக் காகிதமும் வேண்டியிருந்தது.

மூன்றாவது விசை. பிஸ்டலை அசைக்காமல் விரலை மட்டும் அசைப்பதுதான் இந்த விளையாட்டின் முக்கால் பங்கு. விசை கரடுமுரடாக இழுபட்டால் அந்த இழுப்பே முனையை நகர்த்திவிடும். கனம் குறைவாகவும், எந்தப் புள்ளியில் விடுபடும் என்று விரலுக்குத் தெரியும்படியாகவும் இருக்க வேண்டும்.

நான்காவது கண். எனக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது. இலக்குத் தெரியும், முன் குறி மங்கும். பின்னால் சிவப்புப் புள்ளிக் கண்ணாடி பொருத்த வசதி இருக்கிறதா என்று பார்த்தேன். எந்தக் கண் ஆள்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இரு கைகளாலும் ஒரு சின்ன ஓட்டை செய்து அதன் வழியே தூரத்துப் பொருளைப் பார்த்து, ஒவ்வொரு கண்ணாக மூடினால் தெரிந்துவிடும். எந்தக் கண்ணை மூடியதும் பொருள் மறைகிறதோ, அதுதான் ஆளும் கண். எனக்கு வலக்கை, இடக்கண். நாற்பது வருடம் என்னோடு இருந்த ஒரு விஷயம், துப்பாக்கி வாங்கப் போய்த்தான் தெரிந்தது.

ஐந்தாவது துடைத்துச் சுத்தம் செய்வது. ரிம்ஃபயர் தோட்டா கரியும் மெழுகும் விட்டுச்செல்லும். 2016இல் வந்த மார்க் 4 வரிசையில் பின்பக்கம் ஒரு பொத்தானை அமுக்கினால் பிஸ்டல் இரண்டாகத் திறந்துகொள்ளும். பாத்திரம் கழுவும் வேலையை எளிதாக்கிய எந்தக் கண்டுபிடிப்பையும் நான் அலட்சியம் செய்வதில்லை.

கடைசியில் வாங்கியது ரூகர் மார்க் 4, 22/45. ஐந்தரை அங்குலத் தடித்த குழல், கிட்டத்தட்ட ஒரு கிலோ, கறுப்பு நிறம். வேறொரு கடையில், தனியாகப் போய் வாங்கினேன். படிவத்தில் என் பெயர், என் அட்டை எண், என் கையெழுத்து. மத்தியப் புலனாய்வு அமைப்பின் சரிபார்ப்பு சில நிமிடங்களில் முடிந்தது.

யாரும் எனக்குச் சொல்லாத ஒன்றை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஈயம். பெரும்பாலான .22 குண்டுகள் ஈயத்தால் ஆனவை. பற்றவைக்கும் ரசாயனத்திலும் ஈயம் உண்டு. புகையிலும் விரலிலும் ஒட்டும். உடம்புக்குள் போன ஈயம் எலும்பில் தங்கி, கர்ப்ப காலத்தில் இரத்தத்துக்குத் திரும்பி, நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போகும். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் இதைத் தள்ளிப்போடுவது நல்லது. மற்றவர்கள் காற்றோட்டமுள்ள இடத்தில் சுட்டு, முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, துணி மாற்றிவிட்டுத்தான் பிள்ளைகளைத் தூக்க வேண்டும். கைப்பை நிறம் வரைக்கும் யோசித்தவர்கள் இதை யோசிக்கவில்லை.

எனக்கு உண்மையில் தூக்கம் கெட்டது பிஸ்டலைத் தேர்ந்தெடுப்பதில் அல்ல, அதை வீட்டுக்குள் கொண்டுவரலாமா என்பதில்.

தமிழ்ச் சங்கத்தில் பழக்கமான ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவள் கணவன் 'குடும்பப் பாதுகாப்புக்கு' என்று ஒரு கைத்துப்பாக்கி வாங்கினான். சண்டை வரும் இரவுகளில் அதைத் துடைக்க உட்காருவானாம், சாப்பாட்டு மேசையில். ஒரு வார்த்தை மிரட்டியதில்லை. "அவர் அதைத் தூக்கவே வேண்டாம்க்கா. மேசைமேல இருந்தாலே போதும். நான் பேசுறத நிறுத்திடுவேன்" என்றாள். அவள் இப்போது வேறு ஊரில், மகனோடு, பத்திரமாக இருக்கிறாள். ஆனால் அந்த வாக்கியம் என்னை விட்டுப் போகவில்லை.

கலிபோர்னியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2022இல் வெளியானது. கைத்துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்பவர்கள், துப்பாக்கி இல்லாத வீடுகளில் வாழ்பவர்களைவிடக் கொலையாகும் வாய்ப்பு அதிகம் என்று அது கண்டது. வீட்டுக்குள் துணைவரால் சுடப்பட்டு இறந்தவர்களில் மிகப் பெரும்பான்மையினர் பெண்கள். பார்க்கிங்கில் நிற்கும் திருடனை விற்பவர்கள் இந்த ஆளைப் பற்றிப் பேசுவதில்லை. குடும்ப வன்முறைக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று 1996இலிருந்து இங்கே சட்டம் இருக்கிறது. அப்படிப்பட்ட வழக்கில் நீதிமன்றப் பாதுகாப்பு ஆணைக்கு உட்பட்டவருக்கும் தடை உண்டு. டெக்சாஸிலிருந்து போன ஒரு வழக்கில் 2024இல்தான் உச்ச நீதிமன்றம் அந்தத் தடை செல்லும் என்றது. இது நியாயம்தானா என்று அத்தனை காலம் விவாதிக்க வேண்டியிருந்தது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு, "துப்பாக்கி பெண்ணுக்கு அதிகாரம் தரும்" என்று என்னால் எழுத முடியாது. வீட்டில் இருக்கும் துப்பாக்கி, அந்த வீட்டில் ஏற்கெனவே யாரிடம் அதிகாரம் இருக்கிறதோ அவர் பக்கம்தான் சாயும். அதனால் நான் வாங்கியது விளையாட்டுக் கருவி, அதை அப்படி மட்டுமே வைத்துக்கொள்வேன் என்று எனக்கு நானே சில விதிகள் போட்டேன். தோட்டா நிரப்பிய நிலையில் வீட்டுக்குள் வராது. பிஸ்டல் ஒரு இரும்புப் பெட்டியில், தோட்டா வேறொரு பூட்டில். இரண்டின் எண்ணும் எனக்கு மட்டும் தெரியும்.

கணவருக்கு இந்தக் கடைசி விதி வருத்தமாக இருந்தது. "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்றார்.

"உங்க மேல நம்பிக்கை இருக்குங்க. ஆனா இந்த விதி நம்பிக்கைய நம்பி இருக்கக் கூடாது" என்றேன்.

இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பெட்டியைச் சுவரில் பொருத்த அவரே துளையிட்டுக் கொடுத்தார். எண்ணைக் கேட்கவில்லை. எங்களுக்குள் வாய்த்தது எல்லோருக்கும் வாய்க்கும் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் கோபக்காரர் இருந்தாலோ, யாருக்காவது வாழ்வு கசந்த நேரமாக இருந்தாலோ, பிஸ்டல் வாங்காமல் மைதானத்தின் வாடகைப் பிஸ்டலிலேயே சுடுவது உத்தமம். டப்பா விழும் சத்தம் அதிலும் அதேதான்.

பெண்கள் சுடுவது இந்த விளையாட்டில் புதிதில்லை, அவர்களை நகர்த்தி வைப்பதும் புதிதில்லை. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் மார்கரெட் மர்டாக் ஆண்களோடு போட்டியிட்டு ரைபிளில் வெள்ளி வென்றார். 1984இல் பெண்களுக்கென்று 25 மீட்டர் பிஸ்டல் போட்டி வந்தது. அது .22 ரிம்ஃபயரில், ஒற்றைக் கையால் சுடும் போட்டி. 1992இல் சீனத்தின் ஜாங் ஷான், ஆண் பெண் இருவருக்கும் பொதுவாக இருந்த ஸ்கீட் போட்டியில் தங்கம் வென்றார். அடுத்த ஒலிம்பிக்கில் அந்தப் போட்டி ஆண்களுக்கு மட்டும் என்றானது. பெண்களுக்கான ஸ்கீட் 2000இல்தான் வந்தது. 2024 பாரிஸில் இரண்டு வெண்கலம் வென்ற மனு பாக்கர், 25 மீட்டரில் நான்காவதாக வந்தார். அன்று அவர் கையில் இருந்ததும் .22தான்.

அதைப் பார்த்துவிட்டு மதுரையில் கல்லூரிப் படிக்கும் என் அக்கா மகள் கூப்பிட்டாள். "சித்தி, எனக்கு எது வாங்கலாம்?" என்றாள். இந்தியாவில் .22 பிஸ்டலுக்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும், அது நீண்ட வழி. தொடங்க 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போதும், சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில் ரைபிள் கிளப்புகள் இருக்கின்றன, முதலில் கிளப்புடையதிலேயே சுடு, ஆறு மாதம் எதுவும் வாங்காதே என்றேன். கை, சாய்வு, விசை, கண் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

பிறகு, "அங்க பொண்ணுங்களுக்கு பாத்ரூம் இருக்குமா சித்தி?" என்றாள்.

"போய்ப் பார்த்துட்டுச் சொல்லு. இல்லைன்னா முதல்ல அதைக் கேளு" என்றேன்.